நியும் நிவையும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பைப் பாதியில் விடுகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று நி, இன்னொன்று நிவை. நி என்றால் நிறுத்தம், அதாவது ஒரேயடியாகப் போய்விட்டவர். நிவை என்றால் நிறுத்திவைப்பு, அதாவது திரும்பி வரப்போகிறவர். ஒரு காலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் இருந்தது. காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று யாரோ ஒரு புத்திசாலி இரண்டையும் ஒன்றாக்கிப் படிவம் ஒன்பது என்று பெயர் வைத்தார். அதில் 'விவரம்' என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். மாணவர் அதில் எழுதும் ஒன்றரை வரியைப் பார்த்துத்தான் பதிவுப் பிரிவில் நியா, நிவையா என்று முடிவு செய்து கணினியில் ஏற்றுவார்கள். "அந்தப் பொண்ணு நியா நிவையா?" என்று நாங்கள் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கத்திக் கேட்டுக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் உள்ளே யாரோ பாட்டு கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் மாணவர் உதவிப் பிரிவு. பிரிவு என்று பெயர்தான் பெரிதே தவிர நான் ஒருத்திதான். ஒரு மேசை, ஒரு கணினி, கண்ணாடி போட்ட ஒரு ஜன்னல், அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. தலைக்கு மேலே 'உங்கள் வெற்றியே எங்கள் மகிழ்ச்சி' என்று ஒரு பலகை. பிள்ளைகள் என்னை ஜன்னலக்கா என்பார்கள். பதினாறு வருடமாக அந்த ஓட்டை வழியாகத்தான் உலகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். துறைத்தலைவர்களைத் திட்டுவேன், பதிவுப் பிரிவைத் திட்டுவேன், பிள்ளைகளையும் திட்டுவேன். ஆனால் யாரையும் காரியம் முடியாமல் திருப்பி அனுப்பியதில்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்தது என்றுதான் இப்போது சொல்ல முடியும்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஜன்னலுக்கு வந்தவள் மருந்துக்கடை. மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் மருத்துவமனை நிர்வாகம் படித்தவள் என்பதால் நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். கர்ப்பமாக இருந்தபோது டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டதால் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைத்துவிட்டுப் போனாள். இப்போது குழந்தைக்கு எட்டு மாதம். கொஞ்சம் இளைத்திருந்தாள். தோள் பையில் பால் புட்டியும் பாடப் புத்தகமும் ஒன்றாகத் துருத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, வந்துட்டேன்" என்றாள், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி. "கடைசிப் பருவத்துக்குப் பேர் பதியணும். ரெண்டு பேப்பர், ஒரு ஆய்வறிக்கை. அவ்வளவுதான். இது முடிஞ்சா பெரியாஸ்பத்திரி ஆபீஸ்ல எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. பன்னெண்டு வருஷமா கவுண்டர்ல நின்னு நின்னு கால் போச்சுக்கா. இனிமேலாச்சும் உக்காந்து வேலை பாக்கலாம்."

பதிவு எண்ணைத் தட்டினேன். திரையில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒற்றை எழுத்து. நி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்ற நேரமாக இருந்தால் நி ஆனவரைக்கூடப் புதுச் சேர்க்கை என்று எழுதி எப்படியாவது உள்ளே இழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் மருத்துவமனை நிர்வாகப் படிப்பையே இந்த வருடத்தோடு இழுத்து மூடுகிறார்கள். புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, தொடர்ந்து படிக்கிறவர்களும் நிறுத்திவைத்தவர்களும் மட்டும் வந்து முடித்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சுற்றறிக்கை வந்து ஒரு மாதமாகிறது. அதாவது நிவையாக இருந்தால் பட்டம். நியாக இருந்தால் மூன்றரை வருடப் படிப்பு குப்பைக்கு.

கோபம் வந்தால் எனக்கு முன்னால் இருப்பவர் யார் என்று தெரியாது. "என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன். "படிச்ச பொண்ணுதானே நீ? நிறுத்தி வைக்கிறேன்னு எழுதணும்னு தெரியாதா? ஒரு 'வை' போட்டிருந்தா இன்னிக்கி இந்தப் பாடு இருக்காதே!"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்க்கா. அன்னிக்கி நிக்கவே முடியல, தலை சுத்திட்டே இருந்துச்சு. சரியா ஞாபகம் இல்ல."

"நெனச்சா ஆச்சா? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாக்க வேண்டாமா?"

வரிசையில் நின்ற பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான்க்கா. ஏதாவது பண்ணுங்கக்கா" என்றாள். எனக்கு உடனே பாவமாகப் போய்விட்டது. திட்டி முடித்ததும் பாவப்படுவது என் வழக்கம். "போ, நான் பாத்துக்கறேன். கவலைப்படாத" என்று அனுப்பிவைத்தேன்.

முதலில் பதிவுப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. எதைக் கேட்டாலும் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிக் கடைசியில் "அவ்ளோதான்" என்று முடித்துவிடுவார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. அன்றைக்கும் மேசைமேல் படிவக் கட்டுகளை விளிம்பு பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மருத்துவமனை நிர்வாகத்துல ஒரு பொண்ண 'நி'ன்னு ஏத்தியிருக்கீங்க. அவ நிவை."

"படிவத்துல என்ன இருக்கோ அதத்தான் ஏத்துவேன். அவ்ளோதான்."

"மாசமா இருந்த பொண்ணு. குழந்தை பெத்துட்டுத் திரும்பி வருவான்னு ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டீங்களா?"

"யோசிக்கறது என் வேலை இல்ல மேடம். அவ்ளோதான்."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது எனக்கு. அவர் அடுக்கி வைத்த கட்டை அப்படியே தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் துறைத்தலைவரைப் பார்த்தேன். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதைத் தவிர அவரிடம் வேறு பயனில்லை. "அருமையான மாணவி, அவளுக்கு நானே ஆய்வறிக்கைக்கு வழிகாட்டறேன்" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். "சரி சார், துணைப் பதிவாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றதும் அவருக்கு வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. வகுப்பில் இருந்ததே மூன்று பேர். அதில் இரண்டு பேர் வராண்டாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், எதைப் பரிந்துரைக்கிறார் என்று எழுதாமல்.

அதை எடுத்துக்கொண்டு துணைப் பதிவாளர் அறைக்கு மூன்று மாடி ஏறினேன். லிப்ட் ரிப்பேர். எங்கள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக், வந்து பார்க்கச் சொல்லட்டுமா என்று நான் கேட்டதற்கே அதிகாரபூர்வமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் மூச்சிரைத்து நின்றேன். துணைப் பதிவாளர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அவரிடம் அது ஒரு நல்ல குணம், முழுவதும் கேட்டுவிட்டுத்தான் முடியாது என்பார்.

"நியா போனவங்க புதுச் சேர்க்கையாத்தான் வரணும். புதுச் சேர்க்கை இந்தப் படிப்புக்கு இல்ல."

"அப்ப அந்தப் பொண்ணு எங்க போவா சார்?"

"அதுக்குத்தானே மாணவர் உதவிப் பிரிவு இருக்கு."

"அது நான்தான் சார்."

"அதான். நீங்க இருக்கீங்களே." பெருந்தன்மையாகச் சிரித்தார்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. விடவில்லை நான். "என்ன இருந்தா மாத்துவீங்க, அதைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "மாணவி படிவத்துல 'நிறுத்தி வைக்கிறேன்'னு எழுதி, நம்ம பக்கத்துல 'நி'ன்னு ஏறியிருந்தா, அது அலுவலகப் பிழை. யார் பிழை செஞ்சாங்களோ அவங்க ஒப்புக்கிட்டு எழுதிக் குடுத்தா அன்னிக்கே மாத்திடலாம். ஆனா ஒண்ணு. நம்ம பல்கலைக்கழகத்துல அலுவலகப் பிழைன்னு ஒண்ணு இதுவரைக்கும் நடந்ததில்ல."

"ஒண்ணு கூடவா சார்?"

"பதிவுல இல்ல."

எனக்கு வழி கிடைத்துவிட்டது. அந்தப் பெண் போட்டேன் என்கிறாள். போட்டிருந்தால் முற்றுப்புள்ளி மாட்டினார். படிவத்தைக் கண்டுபிடித்து, அவர் மேசையில் அடித்து வைத்து, "இதென்ன? அவ்ளோதானா?" என்று கேட்க வேண்டும் என்று படி இறங்கும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்ணின் பட்டத்தைவிட அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அதிகம் ஓடினேன்.

பழைய படிவங்கள் பின் கட்டடத்துப் பதிவறையில் கிடக்கும். அதைத் திறக்கச் சீட்டு வேண்டும். சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் புதன்கிழமை விடுப்பு. சாவி காவலாளியிடம், காவலாளி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கடைசியில் வியாழக்கிழமை மதியம், தூசியில் தும்மிக்கொண்டு, தொள்ளாயிரம் படிவங்களைப் புரட்டி அவள் படிவத்தை எடுத்தேன்.

விவரம் என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'உடல்நிலை காரணமாகப் படிப்பை ஓராண்டு நிறுத்தி வைக்கிறேன்.' எழுத்து பெரிது, கட்டம் சிறிது. 'வைக்கிறேன்' கோட்டைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' கட்டத்துக்குள் போயிருந்தது. அந்தக் கட்டத்தில் மாணவர் எழுத்து ஒன்று அடிக்கப்படாமல் இருந்தால்கூடப் பதிவுப் பிரிவு படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடும். யாரோ 'ஓராண்டு நிறுத்தி வைக்கிறேன்' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் 'நிறுத்துகிறேன்' என்று திருத்தியிருந்தார்கள்.

யாரோ இல்லை. வாலைச் சுழித்துப் போட்டிருந்த அந்தத் 'து'வை நான் தினமும் நூறு முறை எழுதுகிறேன்.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவள் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெளிறிய உதடு. "நிக்காதம்மா, போய் உக்காரு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று நான் சொன்னது. படிவம் திரும்பி வந்தால் இந்த உடம்போடு மறுபடி வர வேண்டியிருக்கும் என்று நினைத்துக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி நானே சுருக்கியது. உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். நியும் நிவையும் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது கட்டம் மட்டும்தான்.

இதற்குத்தான் அவளை வரிசையில் நிற்க வைத்துத் திட்டினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் கையெழுத்துப் போட்ட பிறகு திருத்தியது நான்.

படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அலுவலகக் காகிதத்தை அப்படி எடுத்துப் போகக் கூடாது. யாருக்கும் என் கையெழுத்து அடையாளம் தெரியாது, கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று ஒரு புத்தி சொன்னது. அந்தப் புத்தியை நான் துரத்தவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். வேலைக்கு நடுவில் கடைச் சட்டையோடே ஓடி வந்திருந்தாள். "படிவம் கெடச்சுதாக்கா?"

"தேடிட்டுதான் இருக்கேன்."

"வீட்ல அவரு, ஒரு வரி ஒழுங்கா எழுதத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குப் பட்டம்னு கேக்கறாருக்கா. கேலியாத்தான் கேக்கறாரு. ஆனா சொல்லிக்கிட்டே இருக்காரு." சிரிக்கப் பார்த்தாள். "நீங்க மட்டும் இல்லன்னா நான் அன்னிக்கே அழுதுட்டுப் போயிருப்பேன். எனக்காக இவ்வளவு அலையறீங்க."

"போம்மா, கடைக்கு நேரமாச்சு" என்று எரிந்து விழுந்தேன். அவள் போன பிறகு வரிசையில் அடுத்து நின்ற பையனை, புகைப்படம் கோணலாக ஒட்டியிருக்கிறான் என்று ஐந்து நிமிடம் திட்டினேன். திங்கட்கிழமை முற்றுப்புள்ளியோடு காரணமே இல்லாமல் சண்டை போட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்ளோதான் என்றுகூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் துணி தேய்த்துக்கொண்டே புலம்பிக்கொண்டிருந்தேன். துறைத்தலைவருக்கு முதுகெலும்பு இல்லை, துணைப் பதிவாளருக்கு மனசு இல்லை, அந்தப் படிவத்தைத் தயாரித்தவனுக்கு மூளையே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் ஷூ லேஸைக் கட்டியபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு வாரமா எல்லாரையும் திட்டி முடிச்சிட்ட. இன்னும் யாரு பாக்கி?"

கேலிக்குத்தான் கேட்டார். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். என் எழுத்து அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கடைச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேனே. படித்தார், மடித்தார், என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கி சீக்கிரமா கிளம்பு" என்றார்.

கடிதத்தை ஜன்னலைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுதினேன். நாலு முறை கிழித்துப் போட்டேன். 'கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதினால் தானாக நடந்த மாதிரி இருக்கிறது. 'திருத்தப்பட்டுள்ளது' என்று எழுதினால் பேய் வந்து திருத்திய மாதிரி இருக்கிறது. எங்கள் அலுவலகத் தமிழில் யாரும் எதையும் செய்வதே இல்லை, எல்லாம் செய்யப்படும். கடைசியில் நேராக எழுதினேன். 'மாணவி நிறுத்தி வைக்கிறேன் என்றே எழுதியிருந்தார். அவர் கையெழுத்திட்ட பிறகு, அவரைக் கேட்காமல் நான் அதை அடித்து, நிறுத்துகிறேன் என்று மாற்றினேன். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றதும் நானே. பிழை என்னுடையது.'

துணைப் பதிவாளர் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எதுக்கு மேடம் வம்பு? மாணவி தப்பா எழுதிட்டாங்க, கருணை அடிப்படையில பரிசீலிக்கணும்னு போடுங்க. உங்களுக்கும் பிரச்சனை இல்ல, எங்களுக்கும் பிரச்சனை இல்ல."

"கருணைக் குழு எப்ப கூடும் சார்?"

"மூணு மாசத்துல."

"பதிவு வெள்ளிக்கிழமை முடியுது."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"கருணை வேணாம் சார். அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. தப்பு பண்ணாதவளுக்கு எதுக்குக் கருணை?" என் குரல் உயர்ந்துவிட்டது. இந்த ஒன்பது நாளில் சரியான ஆளின் மேல் வந்த முதல் கோபம் அதுதான், அதாவது என் மேல். பாவம், அவர் எதிரில் இருந்தார்.

"உங்க பணிப் பதிவேட்டுல ஏறும். படிவத்தை வீட்டுக்கு வேற எடுத்துட்டுப் போயிருக்கீங்க. அதுக்கும் விளக்கம் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"நம்ம பல்கலைக்கழகத்துலயே முதல் அலுவலகப் பிழை" என்று பெருமூச்சு விட்டார், ஏதோ நான் அவர் காரில் கீறல் போட்டுவிட்ட மாதிரி. விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டினார். "சரி. பாதிக்கப்பட்டவங்க இதைப் படிச்சு, கீழ கையெழுத்துப் போடணும். அது இல்லாம செல்லாது."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. காகிதத்தோடு காகிதமாகக் காரியம் முடிந்துவிடும், அவளிடம் 'மாத்திட்டாங்கம்மா' என்று சொல்லிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை வைத்திருந்திருக்கிறேன் போல.

புதன்கிழமை அவளை வரச் சொன்னேன். ஜன்னல் வழியாக வேண்டாம் என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, என் நாற்காலியில் உட்காரவைத்துக் கடிதத்தையும் படிவத்தையும் கொடுத்தேன். உட்காரும்போதே, "கெடச்சிருச்சாக்கா?" என்று முகம் மலர்ந்தாள். வாயால் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வரவில்லை. "படிம்மா" என்றேன்.

படித்தாள். மறுபடி படித்தாள். படிவத்தில் அடித்திருந்த கோட்டை விரலால் தொட்டாள்.

"நான் போட்டிருக்கேன்" என்றாள் மெதுவாக. "வை போட்டிருக்கேன்."

"ஆமாம்மா."

"ஒரு வருஷம்னு கூட எழுதியிருக்கேன்."

"ஆமா."

"அன்னிக்கி எல்லாரும் இருக்கும்போது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். நான் மன்னித்துக்கொள் என்றேன். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தேன் என்றேன். எப்போது தெரியும் என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "போன வியாழக்கிழமை" என்றேன்.

வெள்ளிக்கிழமை தான் கடைச் சட்டையோடு ஓடி வந்ததை அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை. நான் திட்டுவதற்குப் பழகினவள், வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பேனாவை எடுத்து, கடிதத்தை மேலிருந்து கீழே மூன்றாவது முறையாகப் படித்து, கையெழுத்துப் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குத் தலைக்கு மேலே மாட்டியிருந்த பலகையைக் கழற்றி வீசலாம் போல ஆத்திரமாக வந்தது. அன்று மதியமே பதிவறைக்குப் போய், வேறு யாருக்காவது இப்படிச் செய்திருக்கிறேனா என்று மிச்சக் கட்டுகளையும் புரட்டினேன். இல்லை, இவள் ஒருத்திதான். அதனால் நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆணை வந்தது. முற்றுப்புள்ளி தானே எழுந்து என் அறைக்கு வந்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவை. "நிவைன்னு மாத்திட்டேன்" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "அந்த அடிச்ச கோட்டை நானும் அன்னிக்கிப் பாத்தேன் மேடம். மாணவி கையெழுத்து இல்லாத திருத்தம். கேட்டிருக்கணும்." பிறகு போய்விட்டார். இதைப் பத்து நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இப்போது என்னிடம் அதற்கான யோக்கியதை இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அவள் வரிசையிலேயே நின்று வந்தாள். உள்ளே கூப்பிடலாமா என்று கதவைப் பார்த்தேன். அவள் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

"பதிவுப் படிவம் குடுங்க மேடம்" என்றாள்.

கொடுத்தேன். ஓட்டைக்கு முன்னால் இருந்த பலகையில் படிவத்தை விரித்து, பெயர் எழுதும் இடத்திலிருந்து ஆரம்பித்தாள். எழுதவில்லை, படித்தாள். பாடக் குறியீடுகளைப் படித்தாள். விதிமுறைகள் என்று எறும்பு அளவு எழுத்தில் பதினொரு வரி இருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு ஆளும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. அவள் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. "என்னக்கா, நாவல் படிக்கறாங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

"படிக்கட்டும், நில்லுடா" என்றேன்.

படித்து முடித்து, எழுதினாள். இரண்டு பேப்பர், ஒரு ஆய்வறிக்கை. கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகும் படிவத்தை ஓட்டைக்குள் தள்ளவில்லை, விரல் அதன்மேலேயே இருந்தது.

"இதுல நீங்க ஏதாவது எழுதணுமா மேடம்?"

"கீழ ஒரு கையெழுத்தும் தேதியும். அவ்வளவுதான்மா."

"இங்கயே, என் முன்னாடியே போட்டுருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பாதி படிவம் அவள் பக்கம் இருக்க, மீதிப் பாதியில் நான் கையெழுத்தும் தேதியும் போட்டேன். பேனா காகிதத்தை விட்டு எடுக்கிற வரைக்கும் அவள் கண் என் கையிலேயே இருந்தது.